ஸ்டார் ஸ்டிக்கர் வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது?

மூன்றாம் வகுப்பில் ஒழுங்காக இருக்கும் பிள்ளைகளுக்கு ஸ்டார் ஸ்டிக்கர் கொடுத்தீர்கள், இரண்டு வாரம் நன்றாகப் போனது, இப்போது "ஸ்டார் தருவீங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தையே அடுக்குகிறார்கள், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குடியாத்தம் பக்கம் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஸ்டிக்கர் எனக்கும் இதையேதான் செய்தது. 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஒரு மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு இருக்கிறது. படம் வரைய ஆசைப்படும் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லிவிட்டு, அப்படியே கொடுத்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் தாமாக வரைவது குறைந்துபோனது. ஒன்றும் சொல்லாமல் கடைசியில் கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை.

ஸ்டிக்கரைவிட மோசமான ஒன்றையும் நான் பல வருடம் செய்தேன். நான் வெளியே போனால் லீடர் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதி, பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போவான். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. அந்தப் பட்டியல் இரண்டாவதில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு பையனின் பெயர் தினமும் அதில் இருக்கும். வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறவர். ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுக் கட்டித் தருவான், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருவான். பத்தரை மணிக்குப் பக்கத்துப் பையனைக் கிள்ளுவான். 2023 ஆகஸ்டில் காலை உணவு எங்கள் பள்ளிக்கும் வந்தது. உப்புமா சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த பிள்ளைகளிடம் காலைச் சண்டை பாதியாகக் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதனால் முதலில் பசியா, தூக்கமா என்று பாருங்கள். ஏப்ரல் மாத வேலூர் வெயிலில் மதியம் இரண்டு மணிக்குக் கை கட்டி உட்காரச் சொல்வதும் நடக்காது. நான் வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப் போய்விடுவேன்.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உயரத்துக்கு அடித்த கரும்பலகை எங்கள் வகுப்பில் இன்னும் இருக்கிறது. அதில் தினமும் மதியம் ஒரே ஒரு வரி எழுதுகிறேன், பெயர் இல்லாமல். 'ஒருவர் கீழே கிடந்த பென்சிலை எடுத்து, யாருடையது என்று கேட்டுக் கொடுத்தார்.' அவ்வளவுதான். "இன்னா டீச்சர், யாருன்னு சொல்லுங்க" என்று ஒரு வாரம் உயிரை எடுப்பார்கள். சொல்லிவிடாதீர்கள். செய்தவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவது அந்தச் செயல் மட்டும்தான், அதனால் அதை யாரும் செய்து பார்க்கலாம். பெயர் போட்டால் அதே ஐந்து பேர்தான் வருவார்கள், மீதிப் பேர் கைவிட்டுவிடுவார்கள்.

'நல்ல பிள்ளையாக இருந்தார்' என்று மட்டும் எழுதாதீர்கள். ஏழு வயதுக்கு அது விளங்காது. கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். பார்க்கவில்லை என்றால் அன்றைக்கு எழுதாமல் விடுங்கள். பொய்யாக எழுதியதை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பையனைப் பற்றி எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. தண்ணீர் குடித்த குழாயைத் திரும்பிப் போய் இறுக்கி மூடினான். அதை எழுதினேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் எல்லாக் குழாயையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கிள்ளுவது அதோடு நின்றுவிடவில்லை, டிசம்பர் வரை இருந்தது. இப்போது சில நாள் வரியை அவனே எழுதுகிறான். 'ஒருத்தர் அழுத பாப்பாக்கு தண்ணி குட்த்தாரு' என்று எழுதியிருந்ததை நான் திருத்தவில்லை.

உங்களிடம் மிச்சமிருக்கும் ஸ்டிக்கரைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், பிள்ளைகளுக்கு அது தண்டனையாகத் தோன்றும். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, திங்கட்கிழமை முதல் வரியை எழுதுங்கள்.