பழைய டிஃபெண்டரை விற்றுவிட்டுப் புதியதை வாங்கலாமா?

கேள்வி: என் தந்தை 1996ஆம் ஆண்டில் வாங்கிய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, 300 டிடிஐ என்ற டீசல் எஞ்சின் உள்ள வண்டி, அவர் மறைந்தபின் நான்கு ஆண்டுகளாக தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஓடாமல் நிற்கிறது. எங்களுக்கு மூன்று பிள்ளைகள். பள்ளி நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாய்க்கும், மீன்பிடிக்கக் கோசி பே பக்கமும் போவோம். இதை விற்றுவிட்டுப் புதிய டிஃபெண்டர் வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். இனியோஸ் நிறுவனத்தின் கிரெனேடியர்தான் உண்மையான வாரிசு என்கிறார் என் மைத்துனர். நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, மைத்துனர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரு தரப்பும் டிஃபெண்டர் என்ற ஒரே சொல்லைக் கொண்டு வெவ்வேறு பொருளைக் குறிப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது. ஒரு பழைய வண்டி புத்துயிர் பெற்று வருவதாக விளம்பரம் வரும்போதெல்லாம், அதில் எது திரும்பி வந்திருக்கிறது, எது வராமலே நின்றுவிட்டது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பெயர் மட்டும் திரும்பி வந்திருக்கலாம், உருவம் மட்டும் வந்திருக்கலாம், அடிச்சட்டமும் ஆக்ஸில்களும் மட்டும் வந்திருக்கலாம். உங்கள் தந்தையின் வண்டியில் உங்களுக்கு இவற்றில் எது பயன்பட்டது என்று தெளிந்துகொண்டால், எதை வாங்குவது என்ற கேள்வி பாதிக்குமேல் தீர்ந்துவிடும்.

1948ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் எஃகுத் தகடு அரிதாக இருந்ததால் அதன் மேலுடல் அலுமினியக் கலவையால் செய்யப்பட்டிருந்தது. அதற்கு அடியில் ஏணி வடிவிலான எஃகுச் சட்டமும், இரு சக்கரங்களையும் ஒரே உருளையால் இணைக்கும் திட ஆக்ஸில்களும் இருந்தன. 1983இல் லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காயில் ஸ்பிரிங் வந்தது, 1990இல் டிஃபெண்டர் என்ற பெயர் வந்தது. ஆனால் அந்த அடிப்படை அமைப்பு மட்டும், 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் ஆலையிலிருந்து கடைசி வண்டி வெளியேறிய நாள்வரை மாறவில்லை. இடையில் நம் நாட்டுக்கென்றே ஒரு வகையும் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் ராஸ்லின் ஆலையில் பி.எம்.டபிள்யூவின் 2.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் பொருத்தி இங்கே டிஃபெண்டர்கள் தயாரிக்கப்பட்டன. அவற்றின் பெட்ரோல் செலவைப் பார்த்தவர்கள் உங்கள் 300 டிடிஐயின் அருமையை நன்றாக அறிவார்கள்.

2019 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட்டில் அறிமுகமாகி, ஸ்லோவாக்கியாவின் நித்ராவில் தயாராகும் புதிய டிஃபெண்டரில் அந்த ஏணிச் சட்டமும் இல்லை, திட ஆக்ஸில்களும் இல்லை. மேலுடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே அமைந்த அலுமினியக் கூடு, நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் பல கட்டுப்பாட்டுக் கணினிகள் என்று அதன் அமைப்பே வேறு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பழைய வண்டி 500 மில்லிமீட்டர் ஆழ நீரில்தான் இறங்கலாம், ஏர் சஸ்பென்ஷன் பொருத்திய புதியது 900 மில்லிமீட்டர் வரை இறங்கும். யூரோ என்கேப் மோதல் சோதனையில் புதியது ஐந்து நட்சத்திரம் பெற்றது, பழையதிலோ ஓர் ஏர்பேக்கூட இல்லை. பாறையிலும் சேற்றிலும் அனுபவமில்லாத ஓட்டுநரையும் புதிய வண்டி கரையேற்றிவிடும். ஆனால் உங்கள் தந்தை ஒரு ஸ்பானர் பெட்டியோடு தானே பழுது பார்த்துக்கொண்ட வண்டியின் எளிமை இதில் திரும்பி வரவில்லை, இன்றைய புகை விதிகளுக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் உட்பட்டு அது வரவும் முடியாது.

மைத்துனர் சொல்லும் கிரெனேடியர் இதற்கு நேர்மாறானது. பெயர் வேறு, ஆனால் அடியில் இருப்பது பழைய இலக்கணம்தான்: எஃகு ஏணிச் சட்டம், திட ஆக்ஸில்கள், காயில் ஸ்பிரிங்குகள். எஞ்சின் பி.எம்.டபிள்யூவின் மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர், கியர்பாக்ஸ் எட்டு வேக ஆட்டோமேட்டிக். ஆகவே அடிச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் அதை வாரிசு என்பது பொருத்தமே. எனினும் அது 300 டிடிஐயைப் போன்ற எளிய வண்டி என்று எண்ணிவிட வேண்டாம், அதன் எஞ்சினும் கணினியின் துணையோடுதான் இயங்குகிறது. பழைய பாணி ஸ்டியரிங் அமைப்பு என்பதால் வளைவு முடிந்ததும் சக்கரம் தானாக நேராகாது, என்3 நெடுஞ்சாலையில் அதற்குக் கை பழகச் சில நாட்கள் ஆகும். அதைவிட நான் தயங்குவது நிறுவனத்தின் வயதை எண்ணித்தான். பிரான்சிலுள்ள ஹம்பாக் ஆலையில் 2022இன் இறுதியில்தான் உற்பத்தி தொடங்கியது. இருக்கை தயாரித்துக் கொடுத்த நிறுவனம் நொடித்துப்போனதால் 2024 செப்டம்பர் முதல் சில மாதங்கள் அந்த உற்பத்தியும் நின்றது. ஒரு வண்டியை இருபத்தெட்டு ஆண்டுகளுக்குமேல் வைத்திருந்த குடும்பம், அடுத்த வண்டிக்கு உதிரிப்பாகம் எங்கிருந்து வரும் என்று கேட்பது நியாயம்தானே?

நீங்கள் கேட்காத ஒரு வண்டியையும் சொல்லியாக வேண்டும். டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை 1984இல் வந்தது. ஜப்பானில் 2004இல் விற்பனை நின்று, 2014இல் முப்பதாம் ஆண்டு நினைவாக ஓராண்டுக்கு மட்டும் திரும்பி, 2023இல் மறுபடியும் வந்தபோது அங்கே அதைக் கொண்டாடினார்கள். நம் நாட்டிலோ அது போகவே இல்லை, ஆகவே வரவேற்கவும் யாருமில்லை. 2024இல் 2.8 லிட்டர் டர்போ டீசலும் ஆட்டோமேட்டிக் கியரும் இங்கும் சேர்ந்தன. ஸ்டேஷன் வாகனான 76இல் ஐவர் அமரலாம், உதிரிப்பாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். மணலில் ஓட்டுபவர்கள் அறிய வேண்டிய குறை ஒன்று உண்டு. 2007 முதல் அதன் பின்சக்கரங்களின் இடைவெளி முன்சக்கரங்களுடையதைவிட ஏறத்தாழ 95 மில்லிமீட்டர் குறைவு. முன்சக்கரம் அழுத்திக் கொடுத்த தடத்தில் பின்சக்கரம் சரியாக விழாமல், தனக்கென்று இன்னொரு தடத்தை வெட்டிக்கொண்டு போவதால், கோசி பே போன்ற தளர்ந்த மணலில் எஞ்சினுக்கு வீண் சுமை. அதோடு இது திருடர்கள் விரும்பித் தேடும் வண்டி, கண்காணிப்புக் கருவி இல்லாமல் காப்பீடு கிடைப்பது கடினம்.

சுசுகி ஜிம்னியை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிடலாம். ஐந்து கதவு வகையிலும் நான்கு இருக்கைகளே உள்ளன, நீங்கள் ஐவர். ஃபோர்டு பிராங்கோ இடப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே தயாராவதால் நமக்கு உதவாது.

இனி டீசல். தென்னாப்பிரிக்காவில் கந்தகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) உள்ள டீசலோடு 500 பிபிஎம் டீசலும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. புதிய டீசல் எஞ்சின்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. கந்தகம் மிகுந்த டீசல் அதைக் கெடுக்கும், குறுகிய தூரப் பயணம் அதை அடைத்துவிடும். பிடித்த கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள அந்த வடிகட்டிக்கு நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது சூடான ஓட்டம் வேண்டும். தினமும் நான்கு கிலோமீட்டர் பள்ளிக்கும் நான்கு கிலோமீட்டர் வீட்டுக்கும் ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. பத்து லட்சம் ரேண்டுக்குமேல் கொடுத்து வாங்கிய வண்டியைப் பள்ளி வாசலுக்கு மட்டும் ஓட்டிவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று பட்டறைக்கு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் 300 டிடிஐக்கு அந்த வடிகட்டியே கிடையாது. கோசி பே அருகிலுள்ள மங்குசியில் கிடைக்கும் எந்த டீசலையும் அது குடித்துவிட்டு ஓடும்.

உயரமும் கணக்கில் வர வேண்டும். சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான், ஆகவே காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ கால் பங்கை இழக்கும். டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. உங்கள் எஞ்சின் 83 கிலோவாட்தான் என்றாலும், மெதுவான வேகத்தில் அதிக இழுவை தரும் லோ ரேஞ்சில், முதல் இரண்டு கியர்களில் அந்தச் சரளைக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு அது போதும். அது திணறுவது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டவுன் ஹில் (Town Hill) என்னும் நெடுஞ்சாலை ஏற்றத்தில், பின்னால் லாரிகள் நெருக்கும்போது.

ஆகவே என் முடிவு இது. பள்ளிக்கும் ஊருக்குள்ளும் ஓட, ஏர்பேக்குகள் உள்ள சாதாரணப் பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாகவே வாங்குங்கள். பழைய டிஃபெண்டரை விற்காமல் செப்பனிட்டு, சானிக்கும் கோசி பேவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் புதிய டிஃபெண்டரின் விலைக்கு அருகில்கூட வராது. ஒரே வண்டிதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், பிள்ளைகளின் பாதுகாப்பை எண்ணிப் புதிய டிஃபெண்டரையே சொல்வேன், பெட்ரோல் எஞ்சினோடும் 18 அங்குலச் சக்கரத்தோடும். 20 அங்குலச் சக்கரம் பார்வைக்கு எடுப்பாக இருந்தாலும் டயரின் பக்கச் சுவர் குட்டையானது, மணலுக்காகக் காற்றை ஒரு பார் அளவுக்கு இறக்கும்போது விளிம்பு அடிபடும்.

ஆனால் இந்த முடிவு முழுவதும் உங்கள் வண்டியின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தைப் பொறுத்தது. டிஃபெண்டரின் மேலுடல் துருப்பிடிக்காது என்பதே பலரை ஏமாற்றிவிடுகிறது. அலுமினியம் பளபளப்பாக இருக்க, உள்ளே எஃகுச் சட்டம் கடற்காற்றில் அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும், இரு உலோகங்களும் தொடும் இடங்களில் அலுமினியமும் அரிக்கப்படும். வண்டியைத் தாங்கிகளில் உயர்த்தி, சிறு சுத்தியலால் சட்டம் முழுவதையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் எஃகு நலம். மந்தமாக ஒலித்தாலோ செதில் உதிர்ந்தாலோ அங்கே ஓட்டை விழ அதிக நாளாகாது. இழுவைக் கொக்கி பொருத்தியிருக்கும் பின் குறுக்குச் சட்டத்தையும், எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரில் கால் வைக்கும் குழிகளையும் கதவுக் கீல்களின் ஓரங்களையும் தவறாமல் பாருங்கள். குறுக்குச் சட்டம் மட்டும் கெட்டிருந்தால் வெட்டிப் புதியதை வெல்டிங் செய்யலாம். நீளச் சட்டங்களும் கெட்டிருந்தால் ஒட்டுப்போடுவதில் பணத்தை விடாதீர்கள், துத்தநாகப் பூச்சுள்ள புதிய சேசிஸ் வாங்கி மாற்றுவதே மலிவு. அப்படி மாற்றும்போது சேசிஸ் எண் தொடர்பான காவல்துறை அனுமதி வேண்டியிருக்கும் என்பதால், பழைய சட்டத்தை அறுப்பதற்குமுன் வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் நலமாக இருந்தால் மற்றவை எல்லாம் எளிது. நான்கு ஆண்டு நின்ற வண்டியைச் சாவி போட்டுக் கிளப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். டைமிங் பெல்ட்டை மாற்றாமல் அந்த எஞ்சினைச் சுழற்றவே கூடாது. முந்தைய 300 டிடிஐகள் சிலவற்றில் கப்பிகள் நேர்க்கோட்டில் அமையாததால் பெல்ட் ஓரம் தேய்ந்து அறுந்ததுண்டு, அதைத் திருத்திய கப்பிகளோடு சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய டீசல், பிரேக் எண்ணெய், குளிர்நீர், ரப்பர் குழாய்கள் எல்லாம் மாற வேண்டும். கியர்பாக்ஸையும், சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியையும் இணைக்கும் பற்கள் தேய்ந்திருந்தால், கியர் போட்டுக் கிளட்சை விடும்போது 'டக்' என்ற ஓசை கேட்கும். டயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும், பத்து ஆண்டு தாண்டியிருந்தால் தரையைப் பற்றும் பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும் கழற்றிவிடுங்கள். பயணத்தில் ஐவரும் முன்னோக்கிய இருக்கைகளிலேயே அமருங்கள், பின்புறப் பக்கவாட்டுப் பலகைகள் சாமானுக்கு மட்டும்.

கடைசியாக, வண்டி இன்னும் உங்கள் தந்தையின் பெயரில் இருந்தால், அவருடைய சொத்து நிர்வாகியின் கையெழுத்தோடு அதை உங்கள் பெயருக்கு மாற்றி, வண்டி சாலையில் ஓடத் தகுந்தது என்ற ரோட்வொர்த்தி சான்றும் காப்பீடும் உங்கள் பெயரில் பெற்ற பிறகே சானிப் பயணத்துக்கு நாள் குறியுங்கள். அந்த எல்லைச் சாவடி காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் திறந்திருக்கும். இறந்தவர் பெயரிலுள்ள பதிவுத் தாளோடு அங்கே போய் நின்றால், வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கீழேயுள்ள ஹிமவில் ஊருக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.