சாகாவரமும் டேப் ஆன்டெனாவும் – கடிதம்

வணக்கம் சார்,

பழைய வால்வு ரேடியோக்களைப் பழுதுபார்ப்பது பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். போகிற போக்கில், ‘உதிரிபாகம் கிடைக்கிறவரை ரேடியோவுக்குச் சாவில்லை’ என்று ஒரு வரி. அது என்னைப் பிடித்துக்கொண்டது. போன வாரம்தான் திருக்கடையூரில் எனக்குச் சஷ்டியப்தபூர்த்தி நடந்தது. காலனை உதைத்த தலம் அல்லவா, காரில் திரும்பும்போது பேச்சு அதையே சுற்றியது. அமெரிக்காவில் உடலை உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள், மூளையை நகலெடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றும் காலமும் வரும், ‘உங்களுக்கு இல்லாட்டியும் எனக்குக் கிடைக்கும்ப்பா’ என்கிறான் என் மகன். ‘முதல்ல அப்பாவோட முட்டிய மாத்த முடியுமான்னு பாரு’ என்றாள் என் மனைவி. நீங்கள் சொல்லுங்கள், ரேடியோவுக்கு முடிவது மனிதனுக்கு ஏன் முடியாது?

எஸ்.,
மன்னார்குடி

அன்புள்ள எஸ்.,

மணிவிழா வாழ்த்துகள். வீட்டம்மா கேட்டதற்குப் பதில் எளிது: முட்டியை மாற்றிவிடலாம். ரேடியோவில் ஃபில்டர் கண்டன்சர் மாற்றுகிற மாதிரிதான், செலவு மட்டும் கூட. மகன் சொல்வதற்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது. அந்த வரியை நான் அலட்டலாக எழுதிவிட்டேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு வால்வு ரேடியோ என் மேஜைக்கு வந்தது. எலி சிறுநீர் கழித்து, பாதி ரெசிஸ்டர்கள் கருகி, அவற்றின் மதிப்பைச் சொல்லும் வண்ணக் கோடுகள் தெரியாத நிலை. சர்க்யூட் படம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த ஒன்று கிடைத்தது. எதிலிருந்து எது எங்கே போகிறது என்பதெல்லாம் அதில் சுத்தமாகத் தெரிந்தது. மதிப்புகள் மட்டும் அழிந்திருந்தன. 470 ஓமா, 470 கிலோ ஓமா? ஆயிரம் மடங்கு வித்தியாசம். படத்தில் இருந்த இணைப்புக் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்று வாரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் புகைய விட்டதுதான் மிச்சம்.

மூளையை நகலெடுப்பது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஜெராக்ஸ்தான் ஞாபகம் வரும். மண்ணில் வாழும் ஒரு புழு இருக்கிறது, சீ. எலிகன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளம், மொத்தம் 302 நரம்பணுக்கள். கேம்பிரிட்ஜில் அதை மெல்லிய சீவல்களாக அறுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, எந்த நரம்பணு எதோடு இணைகிறது என்று வருடக்கணக்கில் கையாலேயே பின்தொடர்ந்து, 1986-இல் முழு வரைபடத்தையும் வெளியிட்டார்கள். ஆக, அந்தப் புழுவின் சர்க்யூட் ஏறத்தாழ நாற்பது வருடமாக நம் கையில் இருக்கிறது. 2014-இல் பொழுதுபோக்காக இதில் இறங்கிய சிலர், அந்த இணைப்புகளை நிரலாக எழுதி ஒரு லெகோ ரோபோவில் ஏற்றினார்கள். சுவருக்குப் பக்கத்தில் போனால் நின்றது, பின்வாங்கியது. ‘புழுவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள்’ என்று உலகமே கூவியது. எனக்கும் அந்த வீடியோ பிடிக்கும், ஐந்தாறு தடவை பார்த்திருப்பேன். ஆனால் ஒவ்வோர் இணைப்பும் எத்தனை வலுவானது, எது தூண்டும், எது அடக்கும் என்ற மதிப்புகள் அந்தப் படத்தில் கிடையாது. தோராயமாகத்தான் போட்டார்கள். 302 நரம்பணுக்களுக்கே இந்தப் பாடு. உங்கள் தலையில் இருப்பது ஏறத்தாழ 8,600 கோடி.

இதே புழுவில்தான் 1993-இல் சிந்தியா கென்யன் ஒரே ஒரு மரபணுவில் மாற்றம் இருந்தால் ஆயுள் இரட்டிப்பாவதைக் கண்டார். இரண்டு மூன்று வாரம் வாழ்கிற பிராணிக்கு அது பெரிய விஷயம். மனிதனுக்கு அப்படி ஒற்றை ஸ்விட்ச் இதுவரை சிக்கவில்லை.

உறைய வைக்கும் கதைக்கு வருகிறேன். இதில் எங்கள் ஜாதி ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதால் எனக்கு இதில் தனி அக்கறை. 1967 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற பேராசிரியர் புற்றுநோயில் இறந்தார். அவர்தான் இப்படி உறைய வைக்கப்பட்ட முதல் மனிதர். அதை முன்னின்று செய்தவர் ராபர்ட் நெல்சன். டாக்டர் இல்லை, டிவி மெக்கானிக். பிற்பாடு அவர் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் நிலவறையில் இன்னும் பல உடல்களை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

உடலை வைக்கும் கொள்கலனுக்கு பிளக், ஃப்ரிட்ஜ் எதுவும் கிடையாது. பெரிய தெர்மாஸ் ஃபிளாஸ்க், உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், யாராவது வந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் சொந்தக்காரர்கள் பணம் அனுப்புவதை நிறுத்தினார்கள். நெல்சனின் கைக்காசும் தீர்ந்தது. நைட்ரஜன் வரவில்லை, உடல்கள் உருகிவிட்டன. அப்புறம் வழக்கு, நஷ்டஈடு. பெட்ஃபோர்டு தப்பித்தது எப்படி என்றால், அவர் வீட்டார் உடலை நெல்சனிடம் விடாமல் வருடக்கணக்கில் தாங்களே செலவு செய்து பார்த்துக்கொண்டார்கள். இப்போது அரிசோனாவில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறார். அவர் எழுந்து வருவார் என்று நான் நம்பவில்லை. அன்றைய முறையில் பனிப் படிகங்கள் செல்களை என்ன செய்திருக்கும் என்று யோசித்தாலே போதும். இருந்தாலும் இத்தனை வருடமாக யாரோ ஒருவர் தவறாமல் நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருக்கிறாரே, அந்த ஆளை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. என் வரியில் விட்டுப்போனது அவர்தான். உதிரிபாகம் இருந்தால் மட்டும் போதாது, ஸ்க்ரூடிரைவரோடு ஒருவன் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்க வேண்டும்.

(மார்க்கண்டேயன் விவரமானவன். அவனுக்குக் கிடைத்தது ‘என்றும் பதினாறு’. அசுவத்தாமனுக்கும் சாவில்லைதான், ஆறாத புண்ணோடு அலைகிறான். உங்கள் மகனை விண்ணப்பத்தின் வாசகத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.)

சரி, செத்துப் பிழைத்தது ஒன்றுமே இல்லையா என்றால், ஒன்று தெரியும். அதன் குரலையும் கேட்டிருக்கிறேன். ஆஸ்கார்-7. ஹாம் என்றால் பொழுதுபோக்காக ரேடியோவில் அலைபரப்பிப் பேசிக்கொள்கிறவர்கள். பல நாட்டு ஹாம் ரேடியோக்காரர்கள் சேர்ந்து செய்த செயற்கைக்கோள், 1974 நவம்பர் 15 அன்று மேலே போனது. 1981-இல் அதன் நிக்கல் காட்மியம் பேட்டரி ஷார்ட் ஆகி, சோலார் தகடு தந்த மின்சாரத்தையெல்லாம் விழுங்க ஆரம்பித்தது. செயற்கைக்கோள் ஊமையானது. எல்லோரும் கணக்கை மூடிவிட்டார்கள். 2002 ஜூன் 21 அன்று இங்கிலாந்தில் ஒரு ஹாம், தற்செயலாக அதன் மோர்ஸ் ஒலியை, அதாவது எழுத்துகளைக் குறிலும் நெடிலுமான ஒலிகளாகச் சொல்லும் தந்திச் சங்கேதத்தை, பிடித்தார். ஷார்ட்டான பேட்டரி மேலும் கெட்டு உள்ளுக்குள் அறுந்துபோயிருக்கிறது. தடுக்க ஆள் இல்லாததால் தகட்டு மின்சாரம் நேராக டிரான்ஸ்மிட்டருக்குப் போய்விட்டது. யாரும் தொடாமல், கெட்டது இன்னும் கெட்டதால் வந்த உயிர். நம் இஸ்ரோ 2005-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்காக அனுப்பிய ஹாம்சாட் செயற்கைக்கோளுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒன்பது வருடம் உழைத்தது, 2014-இல் அதற்கும் பேட்டரிதான் எமன்.

ஆஸ்கார்-7 இப்போது வெயிலில் இருக்கும்வரை பேசும். பூமியின் நிழலுக்குள் போனால் சாகும், வெளியே வந்தால் மறுபடி பிறக்கும். ஒருநாள் மாலை மொட்டை மாடியில் ஆன்டெனாவைக் கையில் பிடித்து அதைத் தொடர்ந்தேன். விசில் மாதிரி மெல்லிய ஒலி, தலைக்கு மேல் வரவர சுருதி இறங்கிக்கொண்டே போனது. வடக்கே சாயும்போது குரல் தடுமாறியது, பாதி எழுத்தில் நின்றது. நிழல்.

மகன் ஊரில் இருந்தால் நீங்களும் கேட்கலாம். கம்ப்யூட்டரில் செருகி அதையே ரேடியோவாக்கும் எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று, ஒரு பிவிசி குழாய், ஆசாரி வைத்திருக்கும் இரும்பு அளவு டேப் ஒன்று, இவ்வளவுதான். டேப்பை மூன்று துண்டாக வெட்டிக் குழாயில் குறுக்கே பொருத்தி, நடுத்துண்டை மட்டும் மத்தியில் இரண்டாக வெட்டி வயரைப் பற்றவையுங்கள். 145.9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேடுங்கள். டேப்பின் மஞ்சள் பெயின்டை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டிவிட்டு ஈயம் வையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டாது. படியேறும்போது முட்டி ஜாக்கிரதை.