கீமோவும் குடலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கட்டி இருப்பது மார்பில். குடல் ஏன் புண்ணாகிறது? ட்ரிப் ஏறிய அன்று நன்றாக இருந்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வயிற்றுப்போக்கு வருவது ஏன்? (திருச்சி)

நரம்பில் ஏறிய மருந்து இரத்தத்தோடு உடல் முழுவதும் செல்கிறது. வேகமாகப் பிரியும் செல்களை எங்கு கண்டாலும் தாக்குகிறது. சிறுகுடலின் உட்படலம் ஏறக்குறைய ஐந்து நாட்களுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாகிறது. உட்படலத்தில் விரல்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் அடியிலுள்ள நுண்குழிகளில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலேறி நுனியில் உதிர்கின்றன. கீமோ அழிப்பது இக்குழிகளில் பிறக்கும் செல்களைத்தான், அதுவும் ஓரிரு நாட்களுக்குள். மேலே உள்ள மூத்த செல்கள் வழக்கம்போல் வேலை செய்வதால் நோயாளிக்கு உடனே ஒன்றும் தெரிவதில்லை. அவையும் உதிர்ந்து, அந்த இடத்திற்கு வரப் புதிய செல்கள் இல்லாமல் உறிஞ்சிகள் குட்டையாகி, நீரும் உப்பும் உறிஞ்சப்படாமல் போகும்போதுதான் வயிறு கலங்குகிறது. பெரும்பாலும் இரண்டு வாரங்களில் ஆறிவிடும்.

அம்மாவுக்குக் கீமோ கொடுக்கிறார்கள். வயிறு சரியில்லை. என்ன மாத்திரை கொடுக்கலாம்? (ஊர் குறிப்பிடவில்லை)

மருந்தின் பெயர் இல்லை, ட்ரிப் ஏறிய தேதி இல்லை, எத்தனை முறை போகிறது என்பது இல்லை, காய்ச்சல் உண்டா என்பதும் இல்லை. இந்த நான்கும் இல்லாமல் எவராலும் பதில் சொல்ல முடியாது. இவற்றைக் கேட்காமல் மாத்திரை எடுத்துத் தரும் மருந்துக்கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

இரினோடீகான் ஏற்றிய அன்றே வியர்வையும் வயிற்றுப்பிடிப்புமாகப் பேதி ஆகிறது. பிறகு எட்டாம் நாள் மீண்டும் வருகிறது. இரண்டும் ஒன்றா? (மதுரை)

இல்லை. முதல் 24 மணி நேரத்துக்குள் வருவது நரம்புத் தூண்டலால் வருவது. அட்ரோபின் ஊசிக்குக் கட்டுப்படும். பின்னால் வருவதே உண்மையான குடல் சேதம். இம்மருந்தின் வீரியமுள்ள வடிவத்தைக் கல்லீரல் கட்டிப்போட்டுச் செயலிழக்கச் செய்து பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது; பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களின் நொதி அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவதால் மருந்து மீண்டும் உயிர்பெற்று உட்படலத்தை அரிக்கிறது. இதற்குப் பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை எப்போது, எவ்வளவு என்பதை ட்ரிப் ஏறும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ இருந்தால் நீங்களாக அதைப் போடக் கூடாது.

கீமோவின் நச்சு பேதி வழியாக வெளியேறுவது நல்லதுதானே? நிறுத்த வேண்டாம் என்கிறார் பெரியவர். (தஞ்சாவூர்)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை கல்லீரல், சிறுநீரகம் வழியாக முதல் சில நாட்களிலேயே உடலை விட்டு நீங்கிவிடுகின்றன. எட்டாம் நாள் வெளியேறுவது நச்சு அன்று. நோயாளியின் நீரும் சோடியமும் பொட்டாசியமும்தான். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். நீர் வற்றினால் சிறுநீரகம் பழுதாகும். இதைவிடக் கேடான செய்தி, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள் அடிமட்டத்துக்கு இறங்குவதும் பெரும்பாலும் இதே நாட்களில்தான். உட்படலத்தில் விரிசல், உள்ளே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள், எதிர்த்து நிற்க வெள்ளணுக்கள் இல்லை என்றால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வலப்பக்க அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், பெருங்குடலின் தொடக்கப் பகுதி வீங்கிக் கிடக்கிறது என்று ஐயுற வேண்டும். அது உயிரைப் பறிக்கக்கூடியது.

மூன்று நாள் பேதிக்குப் பிறகு அழைத்து வரப்படும் நோயாளியின் நாக்கு காய்ந்து வெடித்திருக்கும்; புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் அப்படியே நிற்கும்; ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரிந்திருக்காது. அருகில் நிற்பவர், நிறுத்தும் மாத்திரை எதையும் தாங்கள் கொடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார். ஒரு வீட்டில் விளக்கெண்ணெயே கொடுத்திருந்தார்கள். வழக்கத்தைவிட நாலைந்து முறை கூடுதலாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், வெப்பமானி 100.4 காட்டினால் இரவென்றும் பாராமல் கிளம்புங்கள். கிளம்பும் முன் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்காதீர்கள்.

பால் குடிக்கலாமா? (நாகர்கோவில்)

பேதி நிற்கும்வரை வேண்டாம். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, உதிர்ந்துபோன அந்தச் செல்களில்தான் இருந்தது. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும், ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரிலேயே கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலும் போதும்.

புரோபயாட்டிக் காப்ஸ்யூல்? (சேலம்)

வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூடாது. காப்ஸ்யூலில் இருக்கும் உயிருள்ள நுண்ணுயிர்களே இரத்தத்தில் கலந்துவிட்ட நிகழ்வுகள், அரிதாயினும், உண்டு.

ட்ரிப் ஏறும்போது ஐஸ் சப்பினால் வாய்ப்புண் வராதாமே? (ஈரோடு)

5-ஃப்ளூரோயுராசில் என்னும் கீமோ மருந்தை ஒரே தவணையாக ஊசியில் செலுத்தும்போது, ஐந்து நிமிடம் முன்பே தொடங்கி அரை மணி நேரம் சப்பினால் புண் குறையும். குடலுக்கு இதனால் பயனில்லை. உடன் ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்தும் ஏறுமானால் ஐஸ் பக்கமே போகாதீர்கள். குளிர்ச்சி பட்டால் தொண்டை இறுகுவதுபோல் ஆகிவிடும்.

கேப்சிடபின் மாத்திரை தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாயெல்லாம் புண், நாளுக்குப் பத்து முறை பேதி. பாதியில் நிறுத்தினால் புற்றுநோய் பெருகிவிடுமோ என்று தொடர்கிறோம். (காஞ்சிபுரம்)

இதைப் படித்தவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சில நாள் இடைவெளியால் புற்றுநோய் பெருகிவிடாது. இம்மருந்தைச் சிதைக்கும் டி.பி.டி. என்னும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு வழக்கமான அளவே பல மடங்காகிவிடும். இவ்வளவு விரைவில் இவ்வளவு கடுமை என்றால் முதல் ஐயம் அதுவே. இதைக் கண்டறிய மரபணுப் பரிசோதனை உண்டு. ஐரோப்பாவில் 2020 முதல் மருந்து தொடங்கும் முன்பே செய்யப் பரிந்துரைக்கிறார்கள். மாத்திரை அட்டையையும், இதுவரை எத்தனை விழுங்கினார் என்ற கணக்கையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.