ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் மக்பெத்தின் சக தளபதியாக வரும் பாங்க்வோதான் ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட் அரசர்களுக்கு மூதாதையா?

இல்லை. பாங்க்வோ என்று ஒருவர் வாழ்ந்ததற்கே சான்று கிடையாது. கல்லூரியில் அந்த நாடகத்தைப் படித்தபோது நானும் அதை வரலாறு என்றுதான் நம்பினேன். எட்டு அரசர்கள் வரிசையாக வர, பின்னால் பாங்க்வோவின் ஆவி நிற்கும் காட்சி அப்படி மனதில் பதிந்துவிட்டது.

மக்பெத் உண்மையான அரசர். 1040 முதல் 1057 வரை ஆண்டவர். பாங்க்வோவின் பெயரோ 1527-இல் ஹெக்டர் போயிஸ் லத்தீனில் வெளியிட்ட ஸ்காட்லாந்து வரலாற்றில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அப்போது அரியணையில் இருந்தவர் ஸ்டூவர்ட் வம்சத்து ஐந்தாம் ஜேம்ஸ். ஆளும் குடும்பத்துக்கு அந்த மண்ணிலேயே பிறந்த ஒரு பழைய வீரர் பாட்டனாகக் கிடைத்தார். அவர் மகன் வேல்ஸுக்குத் தப்பி ஓடினான், அங்கே பிறந்த பேரன் வால்டர் ஸ்காட்லாந்துக்குத் திரும்பி அரண்மனை அதிகாரியானான் என்று கதை போகும். ஷேக்ஸ்பியர் எழுதும்போது லண்டனில் ஆண்டவரும் ஒரு ஸ்டூவர்ட்தான். மூல நூலில் அரசர் டங்கனை மக்பெத் கொன்றதற்கு உடந்தையாக இருந்த பாங்க்வோ நாடகத்தில் நல்லவரானது அதனால்தான் என்பது என் எண்ணம்.

சரி, உண்மையான வழி எது? பிரான்சின் மேற்கே பிரிட்டனியில் டோல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக 'டாபிஃபர்' பதவி வகித்தது. லத்தீனில் அதற்குப் பந்தியில் உணவு கொண்டுவருபவர் என்று பொருள். நடைமுறையில் வீட்டு நிர்வாகம் முழுவதும் அவர் கையில். அந்தக் குடும்பத்து ஆலன், முதலாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்து வந்து ஷ்ராப்ஷயரில் நிலம் பெற்றார். அவருக்கு ஜோர்டன், வில்லியம், வால்டர் என்று பிள்ளைகள். ஜோர்டன் பிரிட்டனிச் சொத்தைப் பார்த்துக்கொண்டார். வில்லியமின் வழியில் பிற்பாடு அருண்டெல் பிரபுக்கள் வந்தார்கள். வால்டர் ஸ்காட்லாந்து அரசர் முதலாம் டேவிடிடம் போய்ச் சேர்ந்தார்.

ஏன் அங்கே? இங்கிலாந்தின் வாரிசுச் சண்டையில் வில்லியம் 1138-இல் முதலாம் ஹென்றியின் மகள் மட்டில்டா பக்கம் நின்றார். மட்டில்டாவுக்கு டேவிட் தாய்மாமன். வால்டருக்கு அந்தக் கதவு திறந்ததற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

டேவிட் அவரை அரண்மனை ஸ்டூவர்டு, அதாவது அரண்மனை நிர்வாகி ஆக்கினார். நாலாம் மால்கம் அதைப் பரம்பரை உரிமையாக்கினார். ஆக, ஸ்டூவர்ட் என்பது உத்தியோகப் பெயர். பிறகுதான் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. வால்டர் பெய்ஸ்லியில் மடம் நிறுவியபோது துறவிகளை ஷ்ராப்ஷயரின் வென்லாக்கிலிருந்து வரவழைத்தார். பிறந்த ஊர்ப் பாசம் இதிலேயே தெரிகிறது அல்லவா? (சேலையில் நாம் மாங்காய் டிசைன் என்பதற்கு ஆங்கிலத்தில் பெய்ஸ்லி என்று பெயர் வந்தது இதே ஊரால்தான்.)

வால்டர் 1177-இல் இறந்தார். அவர் வழியில் ஆறாவது ஸ்டூவர்டு, இன்னொரு வால்டர், ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் மகள் மார்ஜரியை 1315-இல் மணந்தார். மறு வருடம் பிறந்த ராபர்ட் 1371-இல் இரண்டாம் ராபர்ட்டாக முடிசூடினார். பந்தி பார்த்த குடும்பம் அரியணை ஏறிய இந்த வழி, பாங்க்வோ கதையைவிட எனக்கு நெருக்கமானது.

இந்தப் பிரிட்டனி வேரை 1901-இல் வரலாற்றாசிரியர் ஹொரேஸ் ரவுண்ட் ஆவணங்களை ஒப்பிட்டு உறுதிப்படுத்தினார். எனக்கு மிகவும் பிடித்த சான்று 1330-களைச் சேர்ந்தது: அருண்டெல் பிரபு, ஸ்காட்லாந்து ஸ்டூவர்டு பதவி தன் குடும்பத்துக்கு உரியது என்று சொல்லி, அந்த உரிமையை இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டுக்கு விற்றார். இருநூறு வருடம் கழித்தும் பங்காளி உறவு மறக்கவில்லை!

அதனால், குடிவழிப் படம் வரைகிறீர்கள் என்றால் உச்சியில் டோல் ஊர்க் குடும்பத்தை எழுதுங்கள். ஆலனுக்குக் கீழே மூன்று கோடு.