நான்கு எழுத்தில் ஓர் ஓடை

வணக்கம். ஓய்வு பெற்ற பிறகு ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்தோடுதான் என் காலை போகிறது. ‘சிறிய ஓடை, நான்கு எழுத்து’ என்ற குறிப்பு அடிக்கடி வருகிறது. ஒரு நாள் விடை ரில், இன்னொரு நாள் பெக், அப்புறம் பர்ன். எந்த ஆங்கிலேயரும் பேசாத சொற்களை வைத்து ஆளை மடக்குவது நியாயமா? பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதுதான் வழியா?
– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ரில் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான். மண் அரிப்பைப் படிப்பவர்களையும் கவிஞர்களையும் விட்டால் அதை அதிகம் சீந்துவாரில்லை. எளிய எழுத்துகள், எந்த மூலையிலும் பொருந்தும். அதனால்தான் புதிர் அமைப்பவர்கள் அதை விடுவதில்லை.

ஆனால் பெக்கும் பர்னும் இன்றும் வாயில் புழங்குகிற சொற்கள். யார்க்‌ஷயரிலும் ஏரி மாவட்டத்திலும் ஓடை என்றால் பெக். வைகிங்குகள் அங்கே குடியேறியபோது கொண்டுவந்த சொல் அது. இன்னும் வடக்கே நார்தம்பர்லாந்து, ஸ்காட்லாந்து என்று போனால் பர்ன். 1314-இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் ஆங்கிலப் படையைத் தோற்கடித்த பானக்பர்ன், ஓர் ஓடையின் பெயர். கடல் தாண்டி நியூயார்க் பக்கம் போனால் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற கில். கேட்ஸ்கில் மலையிலும் ஃபிஷ்கில் ஊரிலும் இருப்பது அதுதான். 1996-இல் பீட்டா அமைப்பு, மீனைக் கொல்வது போல் ஒலிக்கிறது என்று ஃபிஷ்கில்லின் பெயரையே மாற்றச் சொன்னது. ஊர் மசியவில்லை.

ஆக, பட்டியல் வேண்டாம், வரைபடம் போதும். குறிப்பில் ‘ஸ்காட்லாந்து’, ‘வடக்கே’ என்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள். புதிர் அமைத்தவர் நேர்மையான ஆள் என்றால் வைத்திருப்பார். உண்மையான தொல்லை வேறு இடத்தில். ரில், டச்சுக் கில், வட இங்கிலாந்தின் மலையிடுக்கு ஓடைக்குச் சொல்லும் இன்னொரு கில் (இதற்கு முதலெழுத்து ஜி) மூன்றுக்கும் கடைசி மூன்று எழுத்துகள் ஒன்றே. முதல் எழுத்தை வேறு எந்தச் சொல்லும் வெட்டாத கட்டத்தில், இடமும் சொல்லாமல் இதில் ஒன்றை வைத்தால் தாராளமாகத் திட்டலாம், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

சொல்லுக்கு வேறு பொருள் வைத்து ஏமாற்றும் பூடகக் குறிப்புகளில் இன்னொரு கண்ணி உண்டு. ‘ஃப்ளவர்’ என்று வந்தால் பூவைத் தேடாதீர்கள். ‘ஃப்ளோ’ ஆவது எதுவோ அது, அதாவது ஆறு. ‘பேங்கர்’ வந்தாலும் அப்படியே, கரை உள்ளது. தீக்காயத்தைப் பற்றிப் பேசுகிற குறிப்புக்குள் ஸ்காட்லாந்து ஓடை ஒளிந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது விண்டர்போர்ன். தென் இங்கிலாந்தின் சுண்ணப்பாறை நிலத்தில் மழைநீர் உள்ளே இறங்கிவிடும். குளிர்கால மழையில் நிலத்தடி நீர்மட்டம் ஏறி ஊற்றுகள் திறந்தால்தான் ஓடை ஓடும். கோடையில் அதே தடத்தில் செருப்பு நனையாமல் நடக்கலாம். டார்செட்டில் இந்தப் பெயரோடு பல ஊர்கள் இருக்கின்றன. கென்ட்டில் இதையே நெயில்போர்ன் என்பார்கள். யார்க்‌ஷயர் சுண்ணப்பாறைப் பகுதியில் பெயர் ஜிப்சி. அங்குள்ள ஜிப்சி ரேஸ் என்ற ஓடையில் தண்ணீர் பெருகினால் கெடுதல் வரப்போகிறது என்று அந்தக் காலத்தில் பயந்தார்கள். ஒரு எச்சரிக்கை: இந்த ஜிப்சியில் ஒய்-க்கு முன்னால் ஒரு ‘இ’ கூடுதலாக வரும். ஐந்து கட்டம்தான் இருக்கிறது என்றால் விடை நாடோடியாகத்தான் இருக்கும்.