இக்கட்டில் கூப்பிட்டால் அது விசுவாசமா? கேள்வி பதில்

ஜான் நியூட்டனைப் பற்றி போன வாரம் நாலு வரி எழுதப்போய் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1725இல் லண்டனில் பிறந்தவர், கப்பல்காரர், அடிமை வியாபாரத்தில் இருந்தவர். 1748இல் நடுக்கடலில் புயலில் மாட்டிக் கடவுளைக் கூப்பிட்டார், பிற்பாடு போதகரானார், 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவரும் இவர்தான். நெருக்கடியில் பிறக்கிற விசுவாசம் எப்படி வளருகிறது, எங்கே வளராமல் நின்றுபோகிறது என்று பார்க்க இவரைப் போல ஆள் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் மனுஷன் தனக்கு வெட்கமானதையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார். நான் போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரியில் சபை வரலாறு நடத்தியவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்காரன்: அண்ணாச்சி, அந்தப் புயலில் என்னதான் நடந்தது? எங்கள் கன்வென்ஷனில் 'ஒரே ராத்திரியில் மாறினார்' என்று சொன்னார்கள்.

ஒரே ராத்திரி என்பது மேடைக்காகச் சுருக்கியது தம்பி. கப்பலின் பெயர் கிரேஹவுண்ட். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பொன், தந்தம், தேன்மெழுகு, சாயமரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பழைய காலண்டர்படி மார்ச் 10, ராத்திரி. தூங்கிக்கொண்டிருந்த நியூட்டனின் அறைக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டது. மேலே ஏறப்போனவரை கேப்டன் நிறுத்தி ஒரு கத்தி எடுத்துவரச் சொல்கிறார். இவர் கத்திக்குத் திரும்பிய நேரத்தில் இவருக்குப் பதிலாக மேலே போன ஆளை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு பக்கத்து மேல்பலகைகள் பிய்ந்துபோக, துணிமணியையும் படுக்கையையும் ஓட்டைகளில் திணித்து அதன்மேல் பலகை அடித்தார்கள். ஏற்றியிருந்த மெழுகும் மரமும் தண்ணீரைவிட லேசானவை, அதனால்தான் கப்பல் மூழ்காமல் நின்றது என்று அவரே எழுதுகிறார்.

காலையில் கேப்டனிடம் ஏதோ யோசனை சொல்லிவிட்டு, 'இதுவும் பலிக்காவிட்டால் கர்த்தர்தான் நமக்கு இரங்க வேண்டும்' என்று சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகுதான் உறைக்கிறது, எத்தனையோ வருஷமாக அந்தப் பெயரைத் திட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்திய வாய் இது என்று. அடுத்த நினைப்பு, 'எனக்கு என்ன இரக்கம் இருக்க முடியும்?' அவ்வளவுதான் நடந்தது. தரிசனம் இல்லை, வெளிச்சம் இல்லை. விடியற்காலை மூன்று மணியிலிருந்து மத்தியானம் வரை பம்பில் தண்ணீர் இறைத்தார், கொஞ்சம் படுத்தார், அப்புறம் சுக்கான் பிடித்தார். புயல் ஓய்ந்த பிறகும் ஏறக்குறைய நாலு வாரம் பட்டினியோடு அலைந்து ஏப்ரல் 8இல் அயர்லாந்தின் லஃப் ஸ்விலியில் போய்ச் சேர்ந்தார்கள். நங்கூரம் போடும்போது கடைசி மிச்ச உணவு அடுப்பில் வெந்துகொண்டிருந்ததாம்.

அதற்குப் பிறகும் ரொம்ப நாள் வரைக்கும் தன்னை முழு அர்த்தத்தில் விசுவாசி என்று சொல்ல முடியாது என்று எழுதியவரும் அவரேதான். கன்வென்ஷனில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேள்விக்குறி: கிறிஸ்தவன் இல்லை, குதர்க்கத்துக்கும் கேட்கவில்லை. சாகப்போகிறவன் எதையும் பிடித்துக்கொள்வான். பயத்தில் வந்ததைப் பக்தி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சொல்லவில்லை. பயத்தில் வந்தது கூக்குரல்தான். அது எங்கே கொண்டுபோகிறது என்பதுதான் விஷயம், கொண்டுபோகாமலும் விடலாம்.

அந்த நாலு வாரம் நியூட்டன் கப்பலில் புதிய ஏற்பாட்டை வாசிக்கிறார், நம்பிக்கையோடு அல்ல, சந்தேகத்தோடு. லூக்கா 11:13இல் வந்து நிற்கிறார், கேட்கிறவர்களுக்குப் பிதா பரிசுத்த ஆவியைத் தருவார் என்ற வசனம். இந்தப் புத்தகம் உண்மையானால் இந்த வாக்கும் உண்மை, சரி, கேட்டுப் பார்ப்போம் என்று முடிவெடுக்கிறார். பயம் ஆளைக் கதவுவரை தள்ளியது, அதற்குப் பிறகு யோசித்துத்தான் நடந்தார்.

மார்ட்டின் லூதர் இன்னொருவர், பிற்பாடு புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மானியர். 1505 ஜூலை 2, ஸ்டோட்டர்ன்ஹைம் பக்கத்தில் இடி விழுகிறது, சட்டம் படித்துக்கொண்டிருந்த பையன் 'அன்னம்மாளே, காப்பாற்று, நான் துறவியாகிறேன்' என்று புனித அன்னம்மாளைக் கூப்பிட்டுக் கத்திவிடுகிறான். அதே மாதம் மடத்தில் சேர்ந்தும்விட்டான், அப்பாவுக்கு ஏகக் கோபம். மடத்தில் அவனுக்கு நிம்மதி கிடைத்ததா என்றால் இல்லை, வருஷக்கணக்கில் வேதனைதான்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வலிப்பு வருகிற மகனைக் கூட்டிவந்த தகப்பனைப் பாருங்கள். 'செய்யக்கூடுமானால்' என்றுதான் ஆரம்பிக்கிறார். அப்புறம் அழுதுகொண்டே சொல்கிறார்: 'விசுவாசிக்கிறேன், ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.' இரண்டும் ஒரே மூச்சில். போய் நம்பிக்கையைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. உங்கள் கேள்வி அந்தத் தகப்பனுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: ஸ்தோத்திரம் ஐயா. வீட்டுக்காரர் வேலை போய்க் கடன் கழுத்தை நெரிக்கிறது. ஒரு ஊழியக்காரர், 'விதைப்பு காணிக்கை' கட்டிப் பொருத்தனை பண்ணினால் 40 நாளில் கடன் தீரும் என்கிறார். தாலிச்செயினை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

வேண்டாம்மா. செயினைக் கழற்றாதீர்கள்.

அன்னாள் பிள்ளை வேண்டிப் பொருத்தனை பண்ணினாள், அதாவது நேர்ந்துகொண்டாள், 1 சாமுவேல் முதல் அதிகாரம், வாஸ்தவம்தான். ஆனால் ஆசாரியன் ஏலி அவளிடம் காசு கேட்டானா? அவள் உதடு மட்டும் அசைவதைப் பார்த்துக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான், அவள் விளக்கம் சொன்னதும் சமாதானத்தோடே போ என்றான், அவ்வளவுதான். பொருத்தனை அவள் மனதிலிருந்து வந்தது, யாரும் விலை போட்டுத் தரவில்லை. இக்கட்டில் இருக்கிறவர்களிடம் தேதி குறித்து அற்புதம் விற்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் வராது, அதனால் அதை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

ஜெபியுங்கள், கூடவே இதையும் செய்யுங்கள். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு தாளில் முழுதாக எழுதுங்கள், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கியதையும் சேர்த்து. சபையில் வாயை மூடிக்கொண்டிருக்கக்கூடிய ஒரு மூத்த அக்காவிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் அதற்கென்றே 2003ஆம் வருஷச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது, போலீசில் எழுதிக்கொடுக்கலாம், கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் போய்க் கொடுக்கிறவர்களும் உண்டு. அவமானமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாடுள்ள ஸ்திரீ, அதாவது ரத்தப்போக்கு நிற்காத பெண், 12 வருஷம் வைத்தியர்களிடம் இருந்ததையெல்லாம் செலவழித்து நொந்துபோய்த்தான் கூட்டத்துக்குள் நுழைந்தாள். இயேசுவின் வஸ்திரத்தைத் தொட அவள் யாருக்கும் கட்டணம் கட்டவில்லை.

நீலகண்டன்பேரன்: சார், உங்கள் நியூட்டன் புயலுக்குப் பிறகும் அடிமை வியாபாரம் செய்தார்தானே? அப்படியானால் என்ன மனந்திரும்புதல் இது?

இன்றைக்கு வந்ததிலேயே சரியான கேள்வி இதுதான். ஆமாம், செய்தார். புயல் முடிந்த அதே வருஷம் அடிமைக் கப்பலில் துணை அதிகாரியாகக் கிளம்பினார். அந்தப் பயணத்திலேயே ஏறக்குறைய பழையபடி ஆகிவிட்டேன் என்று ஒத்துக்கொள்கிறார். சியரா லியோன் கரையோரத் தீவு ஒன்றில் காய்ச்சலில் விழுந்து மறுபடி தவித்து ஜெபித்தார். முன்பு அதே இடத்தில் ஒரு வியாபாரியிடம் அடிமை மாதிரி அடியும் பட்டினியும் பட்டவர் அவர், அந்த அனுபவம்கூடக் கண்ணைத் திறக்கவில்லை பாருங்கள். 1750இலிருந்து 1754வரை கேப்டனாகவே மூன்று பயணம். ஞாயிற்றுக்கிழமை மேல்தளத்தில் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்துவார், கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள். 1754இல் நிறுத்தியதும் மனசாட்சியால் அல்ல, திடீரென்று ஒரு வலிப்பு வந்து மருத்துவர்கள் கடலுக்குப் போகாதே என்றதால்.

அந்த வியாபாரத்துக்கு எதிராக வாய் திறந்து எழுதியது 1788இல். எண்ணிப் பாருங்கள், கடலை விட்டு 34 வருஷம் கழித்து. என் வாக்குமூலம் தாமதமாக வருகிறது, நான் செய்ததற்கு அது பரிகாரமாகாது என்கிற அர்த்தத்தில் அதில் எழுதினார். பிற்பாடு அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் 1785 டிசம்பரில், அரசியலை விட்டுவிடலாமா என்ற தவிப்பில் ரகசியமாக இவரைத் தேடி வந்தபோது, பாராளுமன்றத்திலேயே இரு என்று சொல்லி அனுப்பியதும் இவர்தான். வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் வந்தது, டிசம்பரில் நியூட்டன் இறந்தார்.

இக்கட்டில் பிறந்த விசுவாசத்துக்கு ஆரம்பத்தில் ஒரே ஒரு ஆள்தான் தெரியும், 'நான்'. நான் மூழ்கினேன், நான் காப்பாற்றப்பட்டேன். கீழ்த்தளத்தில் இருந்தவர்களும் கூப்பிட்டிருப்பார்கள், அவர்கள் எந்த மொழியில் யாரைக் கூப்பிட்டார்கள் என்று எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை. அந்தக் குரல் இவர் காதில் விழ 30 வருஷத்துக்கு மேல் ஆனதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனால் விழுந்ததே, அதைத்தான் வளர்ச்சி என்கிறேன், புயலை அல்ல. நம் ஊரிலும் சாட்சி சொல்லி முடித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்துவைத்துக்கொண்டிருக்கிற சபைகள் உண்டு. அவர்களும் இன்னும் கிரேஹவுண்டிலேயேதான் இருக்கிறார்கள்.

மல்லிகா_76: நாங்கள் இந்துக்கள் ஐயா. அம்மாவுக்கு ஆபரேஷன் நேரத்தில் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். நன்றாக இருக்கிறார். மதம் மாறினால்தான் நேர்த்திக்கடன் தீருமா?

யாரம்மா அப்படிச் சொன்னது? என்ன நேர்ந்துகொண்டீர்களோ அதைப் போய்ச் செலுத்துங்கள், அங்கே வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. எரிகோவில் பார்வை பெற்ற பர்திமேயுவிடம் இயேசு சொன்னது 'நீ போகலாம்' என்றுதான். பின்னாலேயே நடந்தது அவனாக எடுத்த முடிவு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்: அண்ணா, வயது 24. ஒரு வருஷமாக மனசு இருட்டாக இருக்கிறது. உபவாசம் இருந்தேன், கை வைத்து ஜெபித்தார்கள், ஒன்றும் மாறவில்லை. விசுவாசம் போதவில்லை என்கிறார்கள். சில நாள் இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது.

தம்பி, முதலில் இதைச் செய். 14416 என்ற எண்ணுக்கு இன்றைக்கே போன் பண்ணு, அரசாங்கத்தின் டெலிமானஸ் மனநல உதவி எண், காசு இல்லை, தமிழில் பேசலாம், ராத்திரியானாலும் எடுப்பார்கள். வீட்டில் ஒருவரிடம் கடைசி வரியை அப்படியே சொல், கூட இருக்கச் சொல். ஜில்லா ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் இருப்பார், மாத்திரை எடுப்பது அவிசுவாசம் இல்லை.

அப்புறம் உனக்கு ஒரு ஆளைக் காட்டுகிறேன். வில்லியம் கூப்பர், நல்ல கவிஞர், 1767இல் நியூட்டன் போதகராக இருந்த ஓல்னி என்ற ஊருக்குக் குடிவந்தார். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே ஒரு பழத்தோட்டம். அதன் வழியாக நடந்து ஒருவரையொருவர் பார்க்க, தோட்டத்துச் சொந்தக்காரருக்கு வருஷம் ஒரு கினி, அந்தக் காலத்து ஆங்கிலேயத் தங்கக் காசு, கொடுத்தார்களாம். இருவரும் சேர்ந்து பாட்டுப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், 1773 ஜனவரியில் கூப்பரின் மனம் உடைந்தது. கடவுள் தன்னைக் கைவிட்டார் என்று உறுதியாக நம்பினார், உயிரை விடவும் பார்த்தார். நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லி விரட்டவில்லை. கூப்பர் அதற்குப் பிறகு ஆலயத்துக்குள் போகவில்லை, 1800இல் சாகும்வரை அந்த இருள் முழுதாக நீங்கவும் இல்லை. ஆனாலும் தோட்டம் போட்டார், மூன்று முயல்கள் வளர்த்தார், அடிமை வியாபாரத்துக்கு எதிராகக் கவிதை எழுதினார்.

அழுதால் உடனே விடியும் என்ற கணக்கு அவரிடம் பலிக்கவில்லை. அவரை விசுவாசி இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. சங்கீதம் 88ஐ எடுத்துப் பார், கடைசி வரிவரை இருட்டுதான், ஒரு ஆறுதல் வரிகூட ஒட்டவைக்காமல் வேதத்தில் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஜெபிக்க வாய் வராத நாளில் அதை வாசி. ஆனால் போன் முதலில். பண்ணிவிட்டு இங்கே ஒரு வரி போடு, காத்திருக்கிறேன்.

திருவள்ளூர் ஜேம்ஸ்: பிரதர், கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து அழுது ஜெபித்தேன், பிழைத்தேன். ஒரு வருஷம் நெருப்பாக இருந்தேன். இப்போது ஞாயிறு காலையில் எழுந்திருக்கவே சோம்பல். திரும்ப அந்த மாதிரி ஒரு அடி விழுந்தால்தான் சரியாவேனா?

அடியைக் கேட்டு வாங்காதீர்கள் பிரதர். லூக்கா 17இல் பத்து குஷ்டரோகிகள் சத்தம்போட்டுக் கூப்பிட்டார்கள், குணமான பிறகு நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருத்தன். நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால் பாதி வழி திரும்பிவிட்டீர்கள்.

நியூட்டன் செய்த இரண்டு காரியம் சொல்கிறேன். புயல் நாளை வருஷா வருஷம் ஜெபத்தோடு அனுசரித்தார். கை நடுங்கிய கிழவயதில், 1805 மார்ச் 21 அன்று (காலண்டர் மாறியதால் தேதி தள்ளிப்போனது), எழுத முடியவில்லை, ஆனாலும் இந்த நாளை அனுசரிக்கப் பார்க்கிறேன் என்று டைரியில் குறித்திருக்கிறார். உங்களுக்கு டிஸ்சார்ஜ் ஆன தேதி ஞாபகம் இருக்கும். அன்றைக்கு லீவு போடுங்கள், முடிந்தால் அதே மாதிரி ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற யாருக்காவது சாப்பாடு வாங்கிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது ஆள் துணை. புயல் முடிந்து ஆறு வருஷம் இவருக்கு விசுவாசத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச ஒரு ஆள் இல்லை. 1754இல் செயின்ட் கிட்ஸ் தீவில் அலெக்சாண்டர் க்ளூனி என்ற இன்னொரு கேப்டனைச் சந்தித்தார். ஏறக்குறைய ஒரு மாதம் சாயங்காலம் ஆனால் இவர் கப்பலில் அவர், இல்லையென்றால் அவர் கப்பலில் இவர், பேச்சுதான். தான் எங்கே நிற்கிறேன் என்பதே அப்போதுதான் தெளிந்தது என்கிறார். உங்கள் சபையில் பெரிய ஜெபவீரர் யாரையும் தேட வேண்டாம், டீக்கடையில் உட்கார்ந்து 'எனக்கு ஜெபிக்கவே தோன்றவில்லை' என்று வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய ஒருத்தரைப் பாருங்கள். ஞாயிறு காலை அவர் பைக்கில் ஏறிக்கொள்ளுங்கள்.