வேதியியலில் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்பு: மகளைச் சேர்க்கலாமா?

பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு வேதியியல்தான் பிடித்திருக்கிறது, இளநிலையும் முதுநிலையும் ஒன்றாகச் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பில் போட்டால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்கிறார்கள், ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ப்பதைவிட இது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஐசர் ஒன்றில், அதாவது இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில், வேதியியல் பி.எஸ்.–எம்.எஸ். படித்தவள். இப்போது ஹைதராபாத்தில் மருந்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் ஆர்கானிக் கெமிஸ்ட்டாக இருக்கிறேன். என் சித்தி மகன் மற்ற வழியில் போனான்: சொந்த ஊர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி., அப்புறம் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி சென்னை ஐஐடியில் எம்.எஸ்சி. இரண்டு பாதையையும் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சீக்கிரம் முடியும் என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். ஏனென்றால் நம் ஊர்க் கணக்கில் அது சீக்கிரமே இல்லை. பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு வருடம், ஆக ஐந்து. ஒருங்கிணைந்த படிப்பும் ஐந்துதான். என் தம்பியும் நானும் பிளஸ் டூ முடித்தபின் முதுநிலைப் பட்டம் வாங்க எடுத்துக்கொண்ட காலம் ஒன்றே.

வருடம் உண்மையிலேயே மிச்சமாகும் இடங்கள் வேறு. அமெரிக்காவில் இளநிலைக்கு 4 வருடம், முதுநிலைக்கு வழக்கமாக 2 வருடம். அங்கே பல பல்கலைக்கழகங்களில் "நான்கு பிளஸ் ஒன்று" என்று ஒரு ஏற்பாடு உண்டு. நான்காம் ஆண்டிலேயே முதுநிலைப் பாடங்கள் மூன்று நான்கை எடுத்துக்கொண்டால், அந்த கிரெடிட்டுகள், அதாவது பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளிகள், இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் வரும். முதுநிலைக்கு மொத்தமே 30 கிரெடிட் அளவில்தான் என்பதால் மீதியை ஒரே வருடத்தில் முடித்துவிடலாம். ஒரு வருடக் கல்விக் கட்டணமும் மிச்சம். இந்தியாவிலும் 2020 தேசியக் கல்விக் கொள்கைப்படி நான்காண்டு இளநிலை நடத்தும் இடங்களில், அதை முடித்தவர்களுக்கு முதுநிலை ஒரு வருடம்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2011-இல் தொடங்கிய நான்காண்டு இளநிலையிலும் விரும்பினால் ஐந்தாவது வருடம் இருந்து முதுநிலை வாங்கும் வழி உண்டு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. மூன்று வருடமாகவே இருப்பதால் உங்கள் மகளுக்கு இந்த மிச்சம் கிடையாது.

அப்படியானால் ஒருங்கிணைந்த படிப்பில் கிடைப்பது என்ன? ஒன்று, நடுவில் ஒரு நுழைவுத் தேர்வு இல்லை. ஜாம் பிப்ரவரியில் வரும், அதாவது பி.எஸ்சி. கடைசி வருடத்தின் நடுவில். நல்ல மாணவர்கள் அந்த வருடம் முழுக்க ஆய்வகத்தை விட்டுவிட்டு பழைய வினாத்தாள்களோடு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது, பாடம் திரும்பத் திரும்ப வராது. கிரிஸ்டல் ஃபீல்ட் கொள்கை, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, எஸ்என்1 எஸ்என்2 எல்லாம் பி.எஸ்சி.யில் ஒரு தடவை, எம்.எஸ்சி.யில் இன்னொரு தடவை ஓடும். வெவ்வேறு கல்லூரிகளில் இருந்து வரும் பிள்ளைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர எம்.எஸ்சி. ஆசிரியருக்கு வேறு வழியில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. கடைசி வருடம் ஏறக்குறைய முழுவதும் ஒரே ஆய்வகத்தில் ஒரே ஆராய்ச்சி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படிப்புக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்த வேலையில் சுசூகி இணைப்பு ஒரு படி. 2010-இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவரின் பெயரால் வழங்கும் வினை. பலேடியத்தை வைத்து இரண்டு கரிம மூலக்கூறுகளை ஒட்டவைப்பது. பாடப்புத்தகத்தில் ஒரு வரி. எங்களிடம் விளைபொருள் வரவே இல்லை. கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் ஒரு புள்ளி அழகாகத் தெரியும், பிரித்தெடுத்து, மூலக்கூறின் அமைப்பைச் சொல்லும் என்.எம்.ஆர். எடுத்தால் அது வேறு ஏதோ. சிக்னல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோதுதான், ஒட்டவைக்க வேண்டிய இரண்டில் ஒன்றான போரானிக் அமிலம் தன்னோடு தானே இணைந்துகொண்டிருப்பது தெரிந்தது. கரைப்பானில் கரைந்திருந்த ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கும் என்று சந்தேகித்தோம். திரவ நைட்ரஜனில் கரைப்பானை உறையவைத்து, வெற்றிடத்தில் காற்றை இழுத்து, மெல்ல உருகவிட்டு, மறுபடி உறையவைத்து என்று மூன்று சுற்று ஓட்டினோம். அதன் பிறகு வினை நடந்தது. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் வினையூக்கியை, காரத்தை, வெப்பநிலையை எல்லாம் மாற்றிப் பார்த்து, இது இல்லை அது இல்லை என்று ஒதுக்கி அங்கே வந்து சேர மாதங்கள் ஆயின.

இரண்டு வருட எம்.எஸ்சி.யில் புராஜெக்ட் என்பது பல இடங்களில் கடைசி செமஸ்டர் மட்டுமே. வேதிப்பொருளுக்கு ஆர்டர் போட்டு அது வந்து சேர்வதிலேயே அதில் ஒரு பகுதி போய்விடும். வினை தோற்ற இடத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். தோற்ற வினையை ஏன் தோற்றது என்று துரத்திப் பிடிக்கும் அவகாசம் 22 வயதில் ஒருவருக்குக் கிடைப்பது பெரிய கொடுப்பினை. அந்த ஒரு வருடத்துக்காகவே இந்தப் படிப்பை நான் சிபாரிசு செய்வேன்.

அதனால்தான் சேர்க்கும் முன் ஒரு விஷயத்தை விசாரிக்கச் சொல்கிறேன். ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. என்று பெயர் வைத்திருக்கும் எல்லா இடத்திலும் இந்த வருடம் கிடையாது. சில இடங்களில் அதே பி.எஸ்சி. பாடத்திட்டத்தையும் எம்.எஸ்சி. பாடத்திட்டத்தையும் வரிசையாக ஒட்டி ஐந்து வருடக் கட்டணம் வாங்குகிறார்கள். கல்லூரிக்கு நேரில் போய், படித்துக்கொண்டிருக்கும் நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடமே கேளுங்கள். தீசிஸ் எத்தனை மாதம்? யாருடைய ஆய்வகத்தில்? என்.எம்.ஆர். கருவி வளாகத்திலேயே இருக்கிறதா, மாதிரியை வெளியே அனுப்புகிறார்களா? கோடை விடுமுறையில் வேறு ஊர் ஆய்வகங்களுக்குப் போக விடுகிறார்களா? பதில் மழுப்பலாக வந்தால், ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்த்துவிடுங்கள். நான் மனதாரச் சொல்கிறேன், அது தாழ்ந்த வழி இல்லை. என் தம்பியின் கைவேலை என்னுடையதைவிடச் சுத்தம். மூன்று வருடம் வாரா வாரம் டைட்ரேஷன், சால்ட் அனாலிசிஸ், கரிமச் சேர்மங்களைக் கண்டுபிடிப்பது என்று பழகிய கை அது. எங்கள் படிப்பில் அந்த அடிப்படைப் பயிற்சி சற்று வேகமாகக் கடந்து போகிறது. டைட்ரேஷனில் நிறம் மாறும் அந்த ஒரு சொட்டை அவன் கண் பிடிக்கிற மாதிரி என் கண் பிடிக்காது.

பி.எஸ்சி. போனால் ஆராய்ச்சி வாசல் அடைபட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். ஜாம் மதிப்பெண்ணை வைத்து இந்திய அறிவியல் கழகத்திலும் சில ஐசர்களிலும் எம்.எஸ்சி.யையும் பிஎச்.டி.யையும் சேர்த்துத் தரும் படிப்பில் நேரடியாக நுழையலாம். வெளிநாட்டுக் கனவு இருந்தால் ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் வேதியியல் பிஎச்.டி.க்கு முதுநிலை கட்டாயமில்லை, நான்காண்டு இளநிலையோடு எடுத்துக்கொண்டு கட்டணத்தையும் தள்ளி மாத உதவித்தொகையும் தருவார்கள். நம் மூன்றாண்டு பி.எஸ்சி.யை மட்டும் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. ஐந்தாண்டு முடித்தால் அந்தச் சிக்கல் வராது.

மகளின் மனநிலை பற்றி ஒன்று. ஐசரில் சேர்ந்தவுடன் வேதியியல் மட்டும் படிக்க முடியாது. தொடக்கத்தில் இயற்பியல், கணிதம், உயிரியல் எல்லாம் எல்லோருக்கும் உண்டு. பிறகுதான் பிரிவு. கணிதத்தை வெறுத்து வேதியியலை விரும்பும் பிள்ளைகள் அங்கே உண்மையாகவே துவண்டுபோகிறார்கள். ஆனால் குவாண்டம் வேதியியலும் நிறமாலையியலும் வரும்போது அந்தக் கணிதத்தில் வரும் நேரியல் இயற்கணிதம்தான் கைகொடுக்கும். தமிழ் வழியில் படித்து வந்த என் அறைத்தோழி முதல் செமஸ்டரில் வகுப்பு புரியாமல் இரவில் அழுவாள். மூன்றாம் ஆண்டில் எங்கள் பிரிவில் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். மொழிக்காகத் தயங்காதீர்கள்.

வேலை விஷயத்தில் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். மருந்து நிறுவன விளம்பரங்களில் "எம்.எஸ்சி. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி" என்று இருக்கும். நம் பட்டத்தில் வெறும் பி.எஸ்.–எம்.எஸ். என்று இருக்கும். ஒரு நேர்முகத்தில் இது எம்.எஸ்சி.யா இல்லையா என்று விளக்கிச் சொல்லிப் புரியவைப்பதிலேயே என் நேரம் பாதி போனது. தனியாரில் விளக்கினால் தீர்ந்துவிடும். அரசு வேலை அப்படியில்லை. மகள் அரசுப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பது வீட்டு விருப்பம் என்றால் பி.எஸ்சி., எம்.எஸ்சி., பி.எட். என்ற நேர்வழியே நல்லது. பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால் இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டிவரும்.

அதேபோல, நடுவில் நிறுத்த நேர்ந்தால் கையில் என்ன கிடைக்கும் என்பதையும் சேரும்போதே எழுத்தில் பார்த்துவிடுங்கள். உடல்நலம், வீட்டுச் சூழல், திருமணம் என்று எதுவும் வரலாம். மூன்று அல்லது நான்கு வருடத்தில் இளநிலைப் பட்டத்தோடு வெளியேற அனுமதிக்கும் இடமாக இருந்தால் நல்லது. படிப்பை முடிக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது, இதை ஒரு தங்கை ஸ்தானத்தில் இருந்து சொல்கிறேன்.

பணம் பற்றிக் கவலைப்பட்டால், பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பையர் உதவித்தொகை இருக்கிறது. வருடத்துக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 கையில், 20,000 கோடைக்கால ஆராய்ச்சிக்கு. ஊர்க் கல்லூரி பி.எஸ்சி.க்கும் இது பொருந்தும், பொறியியலுக்குத்தான் கிடையாது.

நாட்டில் ஐசர்கள் மொத்தம் ஏழு. நமக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். நுழைவுத் தேர்வின் பெயர் ஐ.ஏ.டி.; இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியலில் தலா 15 கேள்வி, மொத்தம் 240 மதிப்பெண், 3 மணி நேரம், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். இதே மாதிரி ஐந்தாண்டுப் படிப்பு உள்ள புவனேஸ்வர் நைசருக்கு, அதாவது தேசிய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, நெஸ்ட் என்று தனித் தேர்வு. உங்கள் மகள் உயிரியல்–கணிதப் பிரிவில் இருந்தால் நான்கு பாடமும் கையில் இருக்கிறது. மாநிலப் பாடப்புத்தகத்தோடு என்.சி.ஈ.ஆர்.டி.யின் 11, 12-ஆம் வகுப்புப் புத்தகங்களையும் இப்போதே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தேர்வு வழக்கமாக மே, ஜூன் வாக்கில் நடக்கும், ஆனால் விண்ணப்பம் அதற்குப் பல வாரம் முன்பே, பொதுத்தேர்வு பரபரப்பில் இருக்கும்போதே திறந்து மூடிவிடும்.